பத்து கிலோமீட்டர் தின்ற மாரத்தான்

என் மேசைமேல் ஏழு 555 புத்தகங்கள் கிடக்கின்றன. மலேசியத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டைப்பைப் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மளிகைக்கடையில் அரிசி, மாவு, மண்ணெண்ணெய் வாங்கிவிட்டுக் கடன் எழுதி வைப்பதற்கென்றே பிறந்த புத்தகம் அது. இந்த ஏழும் ஒரு மாரத்தான் ஓட்டக்காரருடையவை. முன்பக்கத்திலிருந்து ஓட்டக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து கடை பாக்கி. இரண்டும் நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்ளும்போது புதுப் புத்தகம் வாங்குவார்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். 1960இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, லிந்தாங் சாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1984இலிருந்து 1997 வரை 11 மாரத்தான் ஓடினார். பிறகு நிறுத்திவிட்டார்.

இந்த ஆய்வுக்கு ஒரே ஒரு கேள்விதான். 1987இல் ஈப்போ திடலில் 10,000 மீட்டரை 32 நிமிடம் 20 நொடியில் ஓடிய மனிதர், மாரத்தானில் 2 மணி 37 நிமிடத்துக்குக் கீழே ஒருமுறைகூட வராமல் போனது ஏன்?

ஊரும் வேலையும்

சுங்கை சிப்புட் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். எல்ஃபில் தோட்டமும் இன்னொரு தோட்டமுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டது இங்கேதான், அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தமிழர்களுக்கு இது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊர். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களின் பணத்திலேயே வாங்க 1960இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் அண்ணனின் அம்மாவும் பங்கு போட்டிருந்தார். அண்ணன் பிறந்ததும் அதே வருஷம். அம்மாவுக்கு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் இருந்தது.

மூன்றாம் படிவத்து எல்.சி.இ. தேர்வு எழுதிவிட்டுப் படிப்பை விட்டார். 1976இல் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலைக்கு, போனார். அந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இவரைப் பயிற்றுவித்தது வேறு யாருமில்லை, அந்த வேலைதான்.

நாலு மணிக்கு எழ வேண்டும். அஞ்சரைக்குப் பெரட்டு, ஆள் எண்ணி வேலை பிரிக்கும் அணிவகுப்பு. தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரைக்குள் இறங்கினால் ஏறத்தாழ 550 மரம். விடியுமுன் வெட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் சுருங்கிவிடும். ஒவ்வொரு மரத்திலும் உளியை மேலிருந்து சரிவாக இழுத்து, பழைய வெட்டின்மேல் மயிரிழை போலப் பட்டையைச் சீவி, பால் வடியும் மங்கு என்ற கோப்பையைத் திருப்பி வைத்து, அடுத்த மரத்துக்கு எட்டு எடுத்து வைக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கும் மண்டோரிடம் வசவு. மேலாக இறங்கினால் பால் இல்லை. இதை நடந்துகொண்டே, மேடு பள்ளத்தில், 550 முறை செய்ய வேண்டும். பத்து மணிக்கு மேல் அதே நிரையை இரண்டாவது சுற்று சுற்றி, மங்குப் பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்ற தோள்கழியின் இரண்டு பக்கமும் மாட்டித் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும்.

அண்ணன் அந்தக் காண்டா நடையைத்தான் கடைசிவரை ஓடினார். தோள் அசையாது, இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் நடக்கும். ‘‘வாளி தளும்பக் கூடாது தம்பி, தளும்பினா காசு தளும்புது’’ என்பார். பின்னால் இளம் ஓட்டக்காரர்களுக்கு நான் பயிற்சி கொடுத்தபோது, தலை ஆடாமல் ஓடுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் செம்மண் சாலையில் ஓட்டம். தூரத்தைக் கட்டையில், அதாவது மைல்கல்லில்தான், கணக்கிடுவார். எட்டாம் கட்டைக்குப் போய் வந்தேன், பத்தாம் கட்டைவரை போனேன் என்றே புத்தகத்தில் இருக்கிறது. நாடு கிலோமீட்டருக்கு மாறியிருந்தாலும் அவர் கால்கள் மாறவில்லை. காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து. நல்ல ஓட்டச் சப்பாத்து ஒன்று அவருக்குக் கிடைத்தது 1986இல்தான், அதுவும் ஒரு போட்டியில் பரிசாக.

கணக்கு எங்கே உதைக்கிறது

ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தை மதிப்பிட, பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சூத்திரம் வகுத்தார். தூரங்களின் விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகெங்கும் பயிற்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அண்ணனின் 32:20ஐ அதில் போட்டால் மாரத்தானுக்கு 2:28:44 வருகிறது. அவருடைய மிகச் சிறந்த நேரம், 1988இல், 2:37:10. இடைவெளி எட்டரை நிமிடம்.

‘வெயில்’ என்று சொல்லி இதை முடித்துவிடலாம். நிறைய பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. 1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது மாரத்தான் தங்கம் லெசோத்தோவின் தாபிசோ மொக்காலிக்குப் போனது, நேரம் 2:19:15. அதே மாதம் 20ஆம் தேதி, குளுகுளு பெர்லினில், பிரேசில்காரர் ரொனால்டோ டா கோஸ்டா 2:06:05இல் உலகச் சாதனை படைத்தார். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு போட்டிகள்தான். ஆனாலும் 13 நிமிட வித்தியாசத்தில் நம் ஊர் ஈரக்காற்றுக்குக் கணிசமான பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விடியற்காலையிலேயே இங்கே 24, 25 டிகிரி. காற்றில் ஈரம் 90 விழுக்காட்டுக்கு மேல். வியர்வை ஊற்றுகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வையால் உடம்பு குளிராது.

ஆனால் அண்ணனின் 32:20 மட்டும் என்ன பனியிலா ஓடியது? ஈப்போவில், சாயங்கால வெயிலில். தூரம் கூடக் கூட வெயிலின் அடியும் கூடும் என்பதால் நாலு நிமிடத்தை வெயிலுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மிச்ச நாலரை நிமிடம்?

அது மூன்றாவது புத்தகத்தில் இருக்கிறது. 1988 மாரத்தானின் இடை நேரங்களை அவர் கைப்பட எழுதியிருக்கிறார், வழியில் கடிகாரம் பார்த்துச் சொன்னவன் நான். 30 கிலோமீட்டருக்கு 1:48:30. அதாவது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 37 நொடி. மிச்சம் 12.195 கிலோமீட்டருக்கு 48:40. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3:59. முதல் வேகத்தையே பிடித்திருந்தால் 2:32:36இல் வந்திருப்பார். காணாமல் போன நாலரை நிமிடமும் 30க்கு அப்பால்தான் தொலைந்திருக்கிறது.

காரணம் உடம்பு இயங்கும் விதத்தில் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, மாரத்தான் வேகத்தில் ஓடினால், பெரும்பாலானவர்களுக்கு 30, 32 கிலோமீட்டரில் தீர்ந்துபோகும். அதற்குமேல் கொழுப்பை எரித்துத்தான் ஓட வேண்டும். கொழுப்பு எரியும், ஆனால் மெதுவாக எரியும். அதை முன்கூட்டியே எரிக்க உடம்பைப் பழக்குவது நீண்ட ஓட்டம். வாரம் ஒருமுறை, அவசரமில்லாமல், 28, 30, 32 என்று ஏற்றிக்கொண்டே போவது. மாரத்தானுக்கு முந்தைய மூன்று மாதத்தில் 30ஐத் தொடும் ஓட்டம் ஐந்தாறாவது வேண்டும்.

1988 முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். போட்டியைத் தவிர்த்து 30 கிலோமீட்டர் ஓடியது இரண்டே முறை.

ஞாயிற்றுக்கிழமை

நீண்ட ஓட்டத்துக்கு அரை நாள் வேண்டும், அன்று மிச்ச நேரம் படுக்கவும் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நாள் ஞாயிறு மட்டும்தான். அந்த ஞாயிறு என்ன ஆனது?

அதே 1988இல் அண்ணன் ஓடிய போட்டிகள் 27. அதில் 22, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையோட்டங்கள். ஈப்போ, தைப்பிங், கோலா கங்சார், பட்டர்வொர்த் என்று எங்கே நடந்தாலும் லோரியிலோ யாராவது மோட்டாரிலோ ஒட்டிக்கொண்டு போவார். எல்லாம் ஞாயிறு. புத்தகத்தில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன் (வெள்ளி என்றால் ரிங்கிட், ஹேம்பர் என்றால் பரிசுக்கூடை):

‘தைப்பிங். 10. 33.05. 3வது. ஹேம்பர் + 80 வெள்ளி.’
‘வீடு. கால் வலி. எண்ணெய்.’
‘கோலா கங்சார். 12. 40.10. 2வது. 100 வெள்ளி. குடை.’

அதே வாரங்களின் பின்பக்கம்: ‘அரிசி 28. மாவு, சீனி 11.40. பழைய பாக்கி 96. கட்டியது 80.’ இரண்டு வாரம் கழித்து: ‘கட்டியது 100.’

முதலில் இதை நான் கவனிக்கவே இல்லை. ஓட்டக் கணக்கை மட்டும் படித்துவிட்டு ‘அதிகப் போட்டி, குறைந்த பயிற்சி’ என்று எழுதி முடித்திருந்தேன். என் மகள்தான் புத்தகத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ‘‘அப்பா, பரிசுக் காசும் கடைக்குக் கட்டுற காசும் ஒரே தொகையா இருக்கு’’ என்றாள்.

அதன்பிறகு மாதவாரியாகப் பிரித்தேன். போட்டிகள் மிக அதிகம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில். அடுத்து அக்டோபர், நவம்பர். பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வருஷத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் குறையும். வருஷக் கடைசியில் மழை. மரம் நனைந்தால் வெட்டில்லை, வெட்டில்லாவிட்டால் சம்பளமில்லை. சம்பளம் குறைந்த மாதங்களில் அண்ணன் போட்டியை ஏற்றியிருக்கிறார். பயிற்சியாளர் யாரும் வகுக்காத ஓர் அட்டவணை, மரமும் மழையும் வகுத்தது.

பத்து கிலோமீட்டர் போட்டி ஓடுபவர் வேகமாகத்தான் இருப்பார். 32:20 அங்கிருந்து வந்தது. ஆனால் வாரா வாரம் போட்டி வேகத்தில் ஓடுகிற உடம்பு மாவுச்சத்தை எரிக்கத்தான் பழகும். 30க்கு அப்பால் என்ன செய்வது என்று அந்தக் கால்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய மாரத்தானைப் பத்து கிலோமீட்டர்கள் தின்றுவிட்டன என்பதே என் முடிவு.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. 1989இல் ஒரு மாரத்தானுக்கு ஒரு வாரம் முன்னால் நடந்த பத்து கிலோமீட்டர் போட்டியில் எங்கள் குழுவுக்கு ஓர் ஆள் குறைந்தது. குழுப் பரிசுக்கு மூன்று பேர் நேரம் வேண்டும். அண்ணன் வேண்டாம் என்றார். நான் வீட்டுக்கே போய், அண்ணி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, வற்புறுத்தினேன். எனக்கு அப்போது 19 வயது, குழு ஜெயிப்பதுதான் உலகம். அவர் வந்தார், 32:50இல் ஓடினார், குழுவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. ஆளுக்கொரு ரைஸ் குக்கர். அடுத்த ஞாயிறு மாரத்தானில் 2:44. புத்தகத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘குக்கர் அம்மாவுக்கு’ என்று மட்டும் இருக்கிறது.

செம்பனை வந்த பிறகு

1991இல் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். நாடு முழுக்க அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், மழை வந்தாலும் வேலை நிற்காது. குலை வெட்ட அவரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது. போட்டிகள் உடனே குறைந்தன. புத்தகம் இதைப் பளிச்சென்று காட்டுகிறது, 1992இல் வெறும் 9. நீண்ட ஓட்டம் கூடியது. இனிமேல்தான் சரியான மாரத்தான் வரும் என்று நான்கூட நினைத்தேன்.

உடம்பு வேறு கணக்குப் போட்டது. நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து, ஒரே பக்கமாக இழுத்துக் குலையை அறுக்க வேண்டும். விழும் குலை 20 கிலோகூட இருக்கும். அதைக் கம்பியால் குத்தித் தூக்கி வண்டியில் வீச வேண்டும், அதுவும் எப்போதும் ஒரே கையால். காண்டா இரண்டு பக்கமும் சமமாகச் சுமையைப் பிரித்துக் கொடுத்தது. செம்பனை வலது இடுப்பை மட்டும் கேட்டது. 1993இலிருந்து பக்கத்துக்குப் பக்கம் ‘வலது இடுப்பு’ என்று வருகிறது. 1997இல் கடைசி மாரத்தான், 3:02. அதற்கடுத்த பக்கம் வெறுமை.

காமன்வெல்த் வருஷம் அவர் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவலாளி. இரவு வேலை, 12 மணி நேரம். காவல் குடிலில் இருந்த சின்ன டி.வி.யில்தான் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் 4:10:05இல் தங்கம் வென்றதைப் பார்த்தாராம். ‘‘நாப்பத்திரண்டு ஓடி நான் வாங்கினது குடையும் குக்கரும். அவரு அம்பது நடந்து தங்கம் வாங்கிட்டாரு’’ என்று சிரிப்பார். அதில் பொறாமை கிடையாது. தமிழன் கழுத்தில் தங்கம் தொங்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னமும் கண் கலங்கும்.

நிறுத்திய பிறகு

ஓடி ஓய்ந்தவரைப் பார்த்தால் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, ‘‘முட்டி போயிருக்குமே?’’ அண்ணனின் முட்டி நன்றாக இருக்கிறது, எக்ஸ்ரே சொல்கிறது. இது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2, போட்டிக்கென்றே ஓடும் உச்சநிலை ஓட்டக்காரர்களில் 13.3. அண்ணன் இதில் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவில் எங்கோ நிற்க வேண்டியவர். தப்பித்தார்.

தப்பாதது சர்க்கரை. ஓடுகிற காலத்தில் எடை 56 கிலோ. வாரம் சுமார் 80 கிலோமீட்டர். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. அப்படியானால் நாளொன்றுக்கு 640 கலோரி ஓட்டத்திலேயே போய்விட்டது. அதாவது இரண்டு ரொட்டி சானாய். 1997இல் ஓட்டம் நின்றது, ரொட்டி நிற்கவில்லை. இரவு வேலையில் விழித்திருக்க மாமாக் கடையிலிருந்து கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக் மூன்று. எடை 74க்கு ஏறியது.

2011இல் கால் புண் ஆறவில்லை என்று கிளினிக் போனார். நாடி பிடித்த மிஸ்ஸி (தாதி), 52தான் இருக்கிறது என்று முகத்தைச் சுளித்து டாக்டரைக் கூப்பிட்டார். பழைய ஓட்டக்காரனின் இதயம் அப்படித்தான் என்று அண்ணனுக்குப் பெருமை. பெருமை அடங்குமுன் வெறும் வயிற்றுச் சர்க்கரை வந்தது, லிட்டருக்கு 11.2 மில்லிமோல். நோய் என்று சொல்ல 7.0 போதும். இந்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை, இந்தியர்களில் அது 30ஐத் தாண்டியது. நாம் அத்தனை பேரும் இருக்கும் வரிசையில் மாரத்தான்காரரும் வந்து நின்றார். ஓட்டத்தை நிறுத்தும் நாளில் சாப்பாட்டையும் குறைக்க வேண்டும் என்ற ஒற்றை வரியை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் குழுவும் சொல்லவில்லை. ஓடத் தொடங்குபவனுக்கு ஆயிரம் அறிவுரை வைத்திருந்தோம், நிறுத்துபவனுக்கு ஒரு சால்வைதான் போட்டோம்.

மாநில அளவோடு நின்றவர் என்பதால் நாட்டுக்கு ஓடியவர்களுக்கான சலுகை எதுவும் இல்லை. 55 வயதில் சேமநிதிப் பணம் வந்தது. அதில் லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து தாமான் என்ற குடியிருப்புப் பகுதி ஒன்றில் சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டினார்.

அவருடைய பதில்

ஆய்வை முடித்ததும் அவரிடமே படித்துக் காட்டினேன். வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பகுதி வந்ததும் கையை உயர்த்தினார்.

‘‘தம்பி, நீ சொல்றது சரிதான். முப்பதுக்கு மேல எனக்குக் காலு கல்லாயிடும், அது எனக்கும் தெரியும். ஆனா அந்த ஞாயித்துக்கெழமை எல்லாம் நீ சொல்ற மாதிரி காட்டுக்குள்ள முப்பது கிலோமீட்டர் ஓடிட்டு வந்திருந்தா, திங்கக்கெழமை பிள்ளைங்களுக்கு பஸ் காசு யாரு குடுத்திருப்பா? எட்டு நிமிஷத்தைத் தூக்கி ஒரு பக்கம் வை. என் பெரிய பொண்ணு டீச்சர். அதையும் கணக்குல போடு.’’

போட்டிருக்கிறேன். ஆனாலும் என் முடிவை மாற்றவில்லை. இரண்டு பிள்ளைகளின் பஸ் காசுக்கு ஒரு நல்ல ஓட்டக்காரர் வாரா வாரம் தன் மாரத்தானை விற்க வேண்டியிருந்தது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதத்தான் வேண்டும். அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, போகட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை.

கிளம்பும்போது ஏழாவது புத்தகத்தை மட்டும் உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். 1997க்குப் பிறகு அதில் எட்டுப் பக்கம் சும்மா கிடக்கிறதாம். காலையில் நடந்துவிட்டு வந்து சர்க்கரை அளவை எழுதிக்கொள்ள வேண்டும், எதற்குப் புதுசு வாங்குவது என்றார்.